மணிக்கூண்டின் அடியில் ஒரு கேள்வி: பல்துறைக் கலைப்பாடம் எடுக்கும் புதிய மாணவர்களுக்கு

பினாங்குக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகளில் பலர் முதல் செமஸ்டரின் இரண்டாம் வாரத்திலேயே என்னிடம் கேட்டுவிடுவார்கள்: "நான் சேர்ந்தது பொறியியல். எனக்கு எதற்குத் தத்துவமும் நாகரிக வரலாறும்?" கலைப்புலத்தில் சேர்ந்தவர்களுக்கு வேறு குழப்பம். வரலாறு என்றால் தெரியும், இலக்கியம் என்றாலும் தெரியும். ஆனால் நகரமும் நினைவும், உணவும் பண்பாடும் என்று இரண்டு மூன்று துறைகளைச் சேர்த்துப் பெயர் வைத்த பாடத்தில் எதைப் படிப்பது, எந்தப் புத்தகத்தைப் பிடித்துக்கொள்வது என்று விளங்காமல் நிற்பார்கள்.

டியூட்டோரியல் வகுப்புகளில் பல ஆண்டுகளாக இந்த மாணவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழகத்துக்கு முந்திய படிப்புகளை முடித்து வரும் பிள்ளைகளுக்கு உழைப்பு குறைவதில்லை. கேள்வி வரும், பதில் ஒன்று இருக்கும், அதை எழுதினால் மதிப்பெண் என்ற பழக்கத்தோடு வருகிறார்கள். இங்கே கேள்வியையே நீங்கள்தான் உண்டாக்க வேண்டும். அதை எப்படி உண்டாக்குவது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மற்ற வேலைகளையும் சொல்கிறேன். ஆனால் கேள்வி சரியாக அமைந்தால் அவை பாதி முடிந்ததாக வைத்துக்கொள்ளலாம்.

இது எந்த வகைப் பாடம்

நீங்கள் கேட்காமலே இவற்றில் ஒன்று உங்கள் அட்டவணையில் வந்திருக்கும். 2019ஆம் ஆண்டு முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் 'ஃபல்சஃபா டான் இசு செமாசா', அதாவது தத்துவமும் நடப்புச் சிக்கல்களும் என்ற பாடமும், 'பெங்ஹாயாத்தான் எத்திகா டான் பெராடாபான்' என்ற நெறி, நாகரிகப் பாடமும் பொதுப்பாடங்களாக உள்ளன. உங்கள் அண்ணன் அக்காமார் படித்த காலத்தில் 'தீத்தாஸ்' என்ற நாகரிகப் பாடமும் இன உறவுப் பாடமும் அந்த இடத்தில் இருந்தன. அறிவு எங்கிருந்து வருகிறது, மனிதன் என்றால் யார், நல்லது கெட்டதை எதைக்கொண்டு முடிவு செய்கிறோம் என்று கேட்கும் பாடத்தை ஒரே துறையால் நடத்த முடியாது. ஆகவே அவை பல்துறைப் பாடங்கள்தாம்.

இவை கட்டாயம். இவற்றுக்கு அப்பால் விருப்பப்பாடமாகவோ மைனர் என்ற துணைப்பாடமாகவோ கலைப்புலத்திலிருந்து நீங்களே தேர்ந்தெடுப்பவை உண்டு. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவற்றைப் பற்றியது. ஆனால் கட்டாயப் பாடத்துக்கும் இதே முறை உதவும்.

பதிவு செய்வதற்கு முன்

பாடத்தின் பெயரைப் பார்த்து மட்டும் பதிவு செய்யாதீர்கள். பாடத்திட்டத்தை இறக்கி, மூன்று விஷயங்களைப் பாருங்கள். தொடர் மதிப்பீட்டுக்கு எவ்வளவு, இறுதித் தேர்வுக்கு எவ்வளவு என்பது முதலாவது. முழுக்க இடுபணியாலேயே மதிப்பிடும் பாடம் எளிது என்று நினைத்து எடுப்பவர்கள் பத்தாம் வாரத்தில் மூச்சுத் திணறுகிறார்கள். இரண்டாவது மொழி. பெரும்பாலும் மலாய் அல்லது ஆங்கிலம். இடுபணியை இரண்டில் எதிலும் எழுதலாமா என்று முதல் வாரமே கேளுங்கள். மூன்றாவது வாசிப்புப் பட்டியல். அதில் ஒரே துறை நூல்கள்தான் இருக்கின்றன என்றால் பெயர் மட்டுமே பல்துறை. அப்படிப்பட்ட பாடத்தை எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை, எதிர்பார்ப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

பிறகு ஒரு கணக்குப் போடுங்கள். மலேசியத் தகுதி முறையில் ஒரு கிரெடிட் என்பது 40 மணி நேரக் கற்றல். விரிவுரை, டியூட்டோரியல், வாசிப்பு, எழுத்து, தேர்வு எல்லாம் அதில் அடக்கம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 120 மணி நேரம். 14 வாரங்களுக்குப் பிரித்தால் வாரத்துக்கு எட்டரை மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. வகுப்பில் மூன்று மணி நேரம் போனால் மீதி ஐந்தரை மணி நேரம் உங்கள் கையில். அந்த ஐந்தரையை அட்டவணையில் இப்போதே அடைத்துப்போடுங்கள். ஆய்வுக்கூட வகுப்புகள் நிறைந்த செமஸ்டராக இருந்தால், பாடம் சேர்க்கவும் நீக்கவும் கொடுக்கும் முதல் சில வாரங்களுக்குள் உங்கள் கல்வி ஆலோசகரிடம் பேசி அடுத்த செமஸ்டருக்குத் தள்ளிவைப்பதில் தவறே இல்லை.

ஒரு நோட்டுப் புத்தகம், நான்கு பத்திகள்

முதல் மூன்று வாரங்கள் விரிவுரையாளர்கள் மாறி மாறி வருவார்கள். ஒருவர் வரலாற்றுக்காரர், இன்னொருவர் மொழியியலாளர், மூன்றாமவர் புவியியலிலிருந்து வந்தவர். ஒவ்வொருவரும் வேறு உலகத்திலிருந்து பேசுவதாகத் தோன்றும். உண்மையும் அதுதான். அப்போது பயன்படும் ஒரு சிறிய பழக்கம் இது: நோட்டில் நான்கு பத்திகள் வரையுங்கள். துறையின் பெயர், அது கேட்கும் கேள்வி, அது எதைச் சான்றாக ஏற்கிறது, எதை ஏற்க மறுக்கிறது.

நான்காவது பத்திதான் பலரும் விட்டுவிடுவது. வரலாற்றுக்காரர் தேதியிட்ட ஆவணத்தைக் கேட்பார். தேதியில்லாத பாட்டை உடனே ஏற்கமாட்டார். நாட்டுப்புறவியலாளருக்கு அந்தத் தேதியில்லாத பாட்டே முதன்மைச் சான்று. அது பத்து வாய்களில் பத்து விதமாக மாறியிருப்பது அவருக்குக் குறையாகத் தெரியாது. தாவரவியலாளர் இரண்டையும் கேட்டுவிட்டு, அளந்து பார்த்தீர்களா என்பார். மூன்று பேரும் தம் தம் துறைக்குள் சரி. இதைப் புரிந்துகொண்ட மாணவருக்கு, ஒரு விரிவுரையாளர் பாராட்டிய கட்டுரையை இன்னொருவர் ஏன் சிவப்பு மையால் நிரப்பினார் என்பது விளங்கிவிடும்.

கேள்வி எங்கே இருக்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் போக விரும்புகிறேன்.

"மலேசியத் தமிழர்களின் பண்பாடு", "பினாங்கின் பல்லின வாழ்வு" என்று தலைப்புக் கொண்டுவரும் மாணவர்களை நான் திருப்பி அனுப்புவேன். தலைப்பு பெரிதாக இருந்தால் கட்டுரை பொதுவாகத்தான் வரும். கையால் தொடக்கூடிய ஒரு பொருளைக் கொண்டுவரச் சொல்வேன்: ஒரு உளி, ஒரு கப்பல் டிக்கெட், ஒரு கடைப் பெயர்ப்பலகை, நாசி கண்டார் என்ற சோறும் கறியும் விற்றவர் தோளில் சுமந்த தடி. பொருள் சிறிதாக இருந்தால், அது தன்னைச் சுற்றியுள்ள துறைகளைத் தானே இழுத்துவரும்.

எடுத்துக்காட்டாக, ஜார்ஜ் டவுனில் லைட் தெருவும் பீச் தெருவும் சந்திக்கும் இடத்தில் நிற்கும் விக்டோரியா மணிக்கூண்டின் அடியில் போய் நில்லுங்கள். 1897இல் அரசியாரின் ஆட்சி 60 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர, ஆண்டுக்கு ஓர் அடியாக 60 அடி உயரத்தில் கட்டியது. சியா சென் இயோக் என்ற சீனச் செல்வந்தர் கொடுத்த பணம். 1902இல் வேலை முடிந்தபோது அரசியார் உயிரோடு இல்லை. இது வரை சுற்றுலாக் கையேட்டில் இருக்கும். இப்போது ஒரு கேள்வி கேட்போம்: இந்தக் கடிகாரம் யாருக்கு நேரம் சொன்னது? துறைமுகத்துக்கும் கிடங்குகளுக்கும் வங்கிகளுக்கும். அப்படியென்றால் கடலுக்கு அக்கரையில் செபராங் பிறையிலும் கெடாவிலும் ரப்பர்த் தோட்டத்தில் இருந்த நம்மவர்களுக்கு யார் நேரம் சொன்னார்கள்?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எந்தப் பாட்டியைக் கேட்டாலும் பெரட்டைப் பற்றிச் சொல்வார். இருட்டில் எழுந்து, பெரட்டுக்களத்தில் நின்று, பெயர் கூப்பிட்டதும் பதில் சொல்லி, பிறகு நிறைக்கு, அதாவது தனக்கு ஒதுக்கிய மர வரிசைக்குப் போவது. ஏன் இருட்டில்? இதற்குப் பதில் சொல்லத் தாவரவியல் வேண்டும். ரப்பர் மரத்தின் பட்டைக்குள் இருக்கும் பால்குழாய்களில் அழுத்தம் விடியலுக்கு முன் மிகுதியாக இருக்கும். வெயில் ஏறி, இலைகள் வழியாக நீர் ஆவியாகத் தொடங்கியதும் அழுத்தம் குறையும். பால் ஓட்டமும் குறையும். ஆகவே குளிர்ந்த வேளையில் வெட்டினால் பால் கூட. நம் பாட்டிமாரின் தூக்கம் ஒரு மரத்தின் உள்அழுத்தத்தோடு கட்டப்பட்டிருந்தது என்பது அறிவியல் மாணவர் ஒருவர்தான் முதலில் பார்க்கக்கூடிய உண்மை.

ஆனால் தாவரவியல் அதோடு நின்றுவிடும். விடியலுக்கு முன் வெட்ட வேண்டும் என்று மரம் சொன்னது. வரிசையில் நின்று பெயர் கொடுக்க வேண்டும் என்று மரம் சொல்லவில்லை. அது நிர்வாகம் சொன்னது. இங்கே தொழிலாளர் வரலாறு உள்ளே வருகிறது. செக்ரோல் (வருகைப் பதிவேடு), கிராணி (எழுத்தர்), கங்காணி (மேற்பார்வையாளர்), துரை (தோட்ட நிர்வாகி) என்ற சொற்கள் வருகின்றன. பெரட்டு என்பதே படை அணிவகுப்புக்குரிய ஆங்கிலச் சொல் நம் நாக்கில் உருமாறி வந்தது. அந்தச் சொல்லை மொழியியலாளரிடம் கொண்டுபோனால் அவர் இன்னொரு கதவைத் திறப்பார்: ஒரு தோட்டத்தை நடத்தப் படையின் சொல் ஏன் தேவைப்பட்டது?

அடுத்து, அம்மா இருட்டில் வேலைக்குப் போனால் கைக்குழந்தை எங்கே? ஆயாக்கொட்டகையில், அதாவது தோட்டத்துக் குழந்தைக் காப்பகத்தில். சற்றுப் பெரிய பிள்ளை? கூட்டரசு மலாய் மாநிலங்களின் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்டம் பள்ளிக்கூடம் வைக்க வேண்டும் என்றது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அங்கே இருக்கிறது. ஆக, சட்டமும் கல்வி வரலாறும் வந்துவிட்டன. தாலாட்டுப் பாடல்களில் விடியல் எப்படி வருகிறது என்று பார்த்தால் இலக்கியம் வந்துவிடும்.

இன்னும் ஒன்று. இது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒரு மாணவி தன் பாட்டியிடமும் தாத்தாவின் தங்கையிடமும் தனித்தனியாகப் பேசினார். ஒருவர் ஐந்து மணிக்குப் பெரட்டு என்றார். இன்னொருவர் ஐந்தரை என்றார். யாருடைய நினைவு தவறு என்று மாணவிக்குக் கவலை. நான் ஆண்டைக் கேட்கச் சொன்னேன். முதலாமவர் சொன்னது 1970களை, இரண்டாமவர் சொன்னது 1980களின் நடுப்பகுதியை. இடையில் 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரை மணி நேரம் முன்னே தள்ளினார்கள், சபா சரவாக்குடன் ஒரே நேரம் வர வேண்டும் என்பதற்காக. சூரியன் அதே நேரத்தில்தான் வந்தது, மரமும் அதே நேரத்தில்தான் பால் விட்டது, கடிகாரம் மட்டும் மாறியது. அப்படிப் பார்த்தால் இருவரும் சொன்னது ஒரே விடியலை.

அதற்கு முன்பும் நேரம் இங்கே நிலையாக இருந்ததில்லை. 1933இல் 20 நிமிடம் முன்னே போனது. 1941இல் மேலும் 10 நிமிடம். ஜப்பானியர் காலத்தில் தோக்கியோ நேரம் வந்தபோது ஒரே தாவலில் ஒன்றரை மணி நேரம். போர் முடிந்ததும் பழையபடி. ஆட்சி மாறும்போது கடிகாரமும் மாறுகிறது. இந்த வரிசையை வைத்துக்கொண்டு பெரியவர்களின் நினைவுகளைத் திரும்பப் படித்தால், ஒரு வாய்மொழிச் சான்றை எப்படிச் சரிபார்ப்பது என்ற பாடமே கிடைத்துவிடுகிறது.

"தோட்டத்தில் விடியலை யார் முடிவு செய்தார்கள்?" கட்டுரையின் கேள்வி இவ்வளவுதான். தாவரவியல் இல்லாமல் இதற்குப் பதில் இல்லை. தாவரவியல் மட்டும் இருந்தாலும் பதில் இல்லை. உங்கள் கேள்வியை இப்படிச் சோதித்துப் பாருங்கள். ஒரு துறையைக் கழற்றினால் கட்டுரை விழுந்துவிட வேண்டும். கழற்றிய பிறகும் நின்றால் அந்தத் துறை அலங்காரத்துக்குத்தான் இருந்தது. அதை விட்டுவிடுங்கள்.

சான்று தேடிப் போவது

நூலகத்திலிருந்து தொடங்குங்கள். பினாங்கில் உள்ள மலேசிய சைன்ஸ் பல்கலைக்கழகத்தில் படிப்பவர்களுக்கு ஹம்சா செண்டுட் நூலகம் இருக்கிறது. நூலகரிடம் பேசக் கூச்சப்படாதீர்கள். முதலாண்டு மாணவர்கள் மிகக் குறைவாகப் பயன்படுத்தும் உதவி அதுதான். பழைய செய்தித்தாள்களுக்குச் சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம் பெரிய துணை. பினாங்கில் வெளிவந்த ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ, பினாங் கெசட் இதழ்களும் 1935இல் தொடங்கிய தமிழ் முரசும் அதில் உள்ளன. சில பக்கங்களை அந்த நூலகத்துக்குப் போனால்தான் பார்க்க முடியும். திறக்கும் பக்கங்களே ஒரு செமஸ்டருக்குப் போதும். தேடும்போது அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலைப் போடுங்கள். இன்று நாம் எழுதும் ஊர்ப்பெயரும் அன்று அச்சில் வந்த ஊர்ப்பெயரும் ஒன்றாக இருக்காது.

பிறகு தெருவில் இறங்குங்கள். ஜார்ஜ் டவுன், மலாக்காவோடு சேர்ந்து 2008 ஜூலையில் யுனெஸ்கோவின் உலக மரபுடைமைப் பட்டியலில் இடம்பெற்றது. மணிக்கூண்டிலிருந்து நடந்தே 1818ஆம் ஆண்டுச் செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், குவான் யின் கோவில், குயின் தெருவில் 1833ஆம் ஆண்டு மகாமாரியம்மன் கோவில், 1801இல் தொடங்கிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாவற்றையும் அரை நாளில் பார்த்துவிடலாம். நான்கு மதங்கள் ஒரே தெருவில் ஒற்றுமையாக, என்ற வாக்கியத்தோடு திரும்பி வராதீர்கள். அந்த நிலத்தை யார் யாருக்கு எப்போது கொடுத்தார்கள், எந்தக் கோவிலின் வாசல் எந்தத் தெருவைப் பார்க்கிறது, ஏன், என்று கேட்டுக்கொண்டு நடந்தால் அந்த நடைக்குப் பயன் உண்டு. காலை எட்டு மணிக்குப் போங்கள். பத்துக்குமேல் வெயில் தாங்காது, கூட்டமும் வந்துவிடும்.

பெரியவர்களிடம் பேசுவது தனிக் கலை. முன்கூட்டியே விரிவுரையாளரிடம் ஆய்வுநெறி ஒப்புதல் தேவையா என்று கேட்டுவிடுங்கள். வீட்டுப் பெரியவராக இருந்தாலும் பதிவு செய்யலாமா என்று கேட்டு, பெயரைப் போடலாமா என்றும் கேட்டு, பதிலைப் பதிவின் தொடக்கத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள். "அந்தக் காலத்தில் கஷ்டப்பட்டீர்களா, பாட்டி?" என்று கேட்டால் "ஆமாம், கஷ்டம்தான்" என்ற பதிலோடு முடிந்துவிடும். "பெரட்டுக்குப் போவதற்கு முன் வயிற்றுக்கு என்ன போட்டீர்கள், பாட்டி?" என்று கேளுங்கள். தேநீரிலிருந்து பேச்சு தொடங்கி, விறகுக்கும், அதைக் கொண்டுவந்தவருக்கும், அவர் ஏறிவந்த ரஜூலா கப்பலுக்கும் போகும். குறுக்கே பேசாதீர்கள். அமைதியாக இருக்கும்போது அடுத்த கேள்வியைத் திணிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் சொன்ன சொல்லை மாற்றாதீர்கள். வெட்டுக்கோட்டில் காய்ந்து ஒட்டிய ரப்பர் பாலை அவர் ஒட்டுப்பால் என்றால் ஒட்டுப்பால் என்றே எழுதி, பக்கத்தில் விளக்கம் கொடுங்கள்.

இந்த இடத்தில் உங்களுக்கு இருக்கும் பலத்தைச் சொல்லியாக வேண்டும். தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் படிக்கத் தெரிந்த இருபது வயதுப் பிள்ளை, நிர்வாகத்தின் ஆங்கில அறிக்கையையும் பாட்டியின் தமிழ்ப் பேச்சையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிட முடியும். அந்த மூன்றில் ஒன்றை மட்டும் கொண்டு வரும் ஆய்வாளர்கள் அதற்கு மொழிபெயர்ப்பாளரைத் தேட வேண்டியிருக்கும். தமிழ் தெரிந்திருப்பதை விண்ணப்பத்தில் எழுதக் கூச்சப்படும் மாணவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. இந்தப் பாடத்தில் அது உங்கள் முதல் கருவி.

பெருமை பேசும் இடத்தில் கவனம்

நம் மாணவர்கள் மிகவும் விரும்பி எடுப்பது கடாரம், அதாவது பழைய கெடா. எடுக்கட்டும், பல்துறைப் பாடத்துக்கு அதைவிடப் பொருத்தமானது கிடைப்பது அரிது. பாலம் தாண்டி வடக்கே போனால் மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு. அருங்காட்சியகமும் புக்கிட் பத்து பகாட் கோவிலின் அடித்தளமும் அங்கே இருக்கின்றன. சுங்கை பத்துவில் இரும்பு உருக்கிய தடயங்களைச் சைன்ஸ் பல்கலைக்கழக அகழாய்வாளர்கள் வெளிக்கொண்டுவந்திருக்கிறார்கள்.

ஆனால் ஒவ்வொரு சான்றும் எவ்வளவு சொல்கிறதோ அவ்வளவே எழுதுங்கள். பட்டினப்பாலை 'காழகம்' என்கிறது. அது கடாரம் என்று சொல்வது பல நூற்றாண்டுகள் கழித்து வந்த உரையாசிரியர் நச்சினார்க்கினியர். இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தி கடாரத்தைக் கொண்டதாகப் பாடுகிறது. அது அரசனைப் புகழ எழுதியது என்பதை மறக்கக் கூடாது. 1025ஆம் ஆண்டையொட்டி நடந்தது கடற்படையெடுப்பு. அதிலிருந்து சோழர் இங்கே நூற்றாண்டுக்கணக்கில் ஆண்டார்கள் என்று தாவினால் வரலாற்றுக்காரர் கட்டுரையை மூடிவைத்துவிடுவார். மண்ணுக்கடியில் கிடைத்த உலை, தன்னை மூட்டியவர் என்ன மொழி பேசினார் என்று சொல்லாது. எது உறுதி, எது ஊகம், எது விருப்பம் என்று பிரித்து எழுதும் மாணவரை எல்லாத் துறையினரும் மதிப்பார்கள். நம் வரலாற்றின்மீது அக்கறை உள்ளவர் இந்தக் கவனத்தை அதற்குக் கொடுக்க வேண்டும்.

எழுதும்போது

வரலாற்று நோக்கில், இலக்கிய நோக்கில், சமூகவியல் நோக்கில் என்று மூன்று தலைப்பிட்டு மூன்று துண்டுகள் எழுதி ஒட்டாதீர்கள். நான் பார்க்கும் முதல் வரைவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் இருக்கின்றன. கேள்வியை நகர்த்தும் வரிசையில் எழுதுங்கள்: ஏன் இருட்டில், ஏன் வரிசையில், குழந்தை எங்கே, கடிகாரம் யாருடையது. துறைகள் தேவைப்படும்போது உள்ளே வந்து, வேலை முடிந்ததும் வெளியே போகட்டும்.

மேற்கோள் முறையை விரிவுரையாளரிடம் கேளுங்கள். வரலாற்றுப் பக்கம் சிகாகோ முறையின் அடிக்குறிப்பு, சமூக அறிவியல் பக்கம் ஏபிஏ முறை என்பது பொதுவான வழக்கம். நம் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. அடையாள அட்டையில் 'ஏ/எல்' (மகன்), 'ஏ/பி' (மகள்) என்பதற்குப் பின் வருவது தந்தையின் பெயர். மேற்கோள் பட்டியல் தயாரிக்கும் மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டு, எழுதியவரை விட்டுத் தந்தையின் பெயரில் பட்டியலிட்டுவிடும். சோட்டெரோ என்ற மென்பொருளைப் பயன்படுத்துபவர்கள் ஆசிரியர் பெயரை ஒற்றைக் கட்டத்துக்கு மாற்றி இதைத் தவிர்க்கலாம். மற்ற மென்பொருள்களில் கையால் திருத்துங்கள். ஓர் எழுத்தாளரின் உழைப்பை அவர் பெயரிலேயே குறிப்பது மரியாதை. தமிழ்ச் சொற்களை ரோமன் எழுத்தில் தர வேண்டியிருந்தால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே சீராகப் பயன்படுத்துங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பற்றிப் பாடத்துக்குப் பாடம் விதி வேறுபடுகிறது. எழுதத் தொடங்குவதற்கு முன் கேட்டுவிடுங்கள்.

குழு இடுபணி என்றால், முதல் சந்திப்பிலேயே வேலையைப் பக்கக் கணக்கில் பிரிக்காமல் சான்றுக் கணக்கில் பிரியுங்கள். உயிரியல் படிப்பவர் பால்குழாயைப் பார்க்கட்டும், சட்டம் படிப்பவர் 1923ஐப் பார்க்கட்டும், தமிழ் தெரிந்தவர் பாட்டியிடம் போகட்டும். முதல் வரைவை ஒருவரே எழுத வேண்டும், மற்றவர்கள் திருத்த வேண்டும். ஐந்து கை எழுதிய கட்டுரை ஐந்து குரலில் பேசும்.

வீட்டில் கேட்பார்கள்

"இதைப் படித்தால் என்ன வேலை?" என்று அப்பா கேட்டால் அவர் மேல் கோபப்படாதீர்கள். கடன் வாங்கிப் படிக்க வைப்பவருக்குக் கேட்கும் உரிமை உண்டு. இரண்டு மூன்று கிரெடிட் விருப்பப்பாடம் உங்கள் பட்டத்தை மாற்றாது. எழுதவும் விசாரிக்கவும் சான்றை எடைபோடவும் கற்றுக்கொடுக்கும் என்று நேரடியாகச் சொல்லுங்கள். அதற்குமேல் போக விரும்பினால் மைனராக எடுக்கலாம். தமிழியல் சார்ந்து தொடர விரும்புபவர்களுக்குக் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. 1956இல் தொடங்கிய அந்தத் துறையில் பேராசிரியராக இருந்தபோதுதான் தனிநாயகம் அடிகள் 1966இல் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாட்டைக் கோலாலம்பூரில் கூட்டினார். இலக்கியம், மொழியியல், வரலாறு, தொல்லியல் எல்லாவற்றையும் ஒரே மேடைக்குக் கொண்டுவந்த அந்த முயற்சி நம் நாட்டு மண்ணில்தான் நடந்தது என்று அப்பாவிடம் சொல்லுங்கள்.

மதிப்பெண் வந்த பிறகு

இடுபணியைச் சமர்ப்பித்ததும் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள். பதிவு செய்த குரலை ஒரு பென் டிரைவில் போட்டு, பேசியவரின் குடும்பத்துக்குக் கொடுங்கள். கட்டுரையின் சாரத்தைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதி, அவருக்குப் படித்துக் காட்டுங்கள். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிய கட்டுரை அவருடைய வாழ்க்கையைப் பற்றியது. அதில் என்ன எழுதியிருக்கிறீர்கள் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

பெரட்டு நேரத்தைப் பாட்டியிடம் கேட்ட அந்த மாணவி அப்படித்தான் செய்தார். பாட்டி முழுவதையும் கேட்டுவிட்டு ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாராம். "மணி அடித்ததும் என்று எழுதியிருக்கிறாய். எங்கள் தோட்டத்தில் மணி இல்லை. தண்டவாளத் துண்டு ஒன்றை மரத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அதைத்தான் அடிப்பார்கள்." மாணவி அன்றிரவே அந்த வரியைத் திருத்தி, அடிக்குறிப்பில் பாட்டியின் பெயரையும் திருத்திய தேதியையும் சேர்த்து, புதிய பிரதியை விரிவுரையாளருக்கு அனுப்பினார். மதிப்பெண் அதற்கு முன்பே வந்திருந்தது.